தெளிந்த நீரும் காந்தத் துகளும்

தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரன்று. கனடாவின் வாக்கர்டன் என்னும் சிற்றூரில், 2000ஆம் ஆண்டு மே மாதப் பெருமழை மாட்டெருவிலிருந்த ஈ-கோலைப் பற்றீரியாவைக் கிணற்றிற் சேர்த்தது, எழுவர் மாண்டனர்.

இத்தகைய கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்துக் காண ஏறக்குறைய ஒரு நாள் செல்லும். அதற்குள் எத்தனை குவளை நீர் பருகப்பட்டுவிடும்! இன்றோ, கிருமியிலும் பன்மடங்கு சிறிய இரும்பு ஒட்சைட்டுத் துகள்களில், அக்கிருமியைப் பற்றும் பிறபொருளெதிரியைப் பொருத்தி நீரில் இடுகின்றனர். காந்தத்தை அருகே பிடித்தால் துகளோடு கிருமியும் ஒருபுறம் ஒதுங்கும். சிதறிக் கிடந்தவை சிறுதுளியில் திரள்வதால், சில மணி நேரத்திலேயே அவற்றைக் கண்டறிய வழி பிறக்கிறது.

கிணற்று நீரையே பருகும் எனக்கு இச்செய்தி ஆறுதல் அளிக்கிறது. ஆயினும், வாக்கர்டனில் ஆய்வு முடிவு கிடைத்த பின்னரும் பொறுப்பாளர் அதனை மறைத்தார். துகள் கிருமியைக் காட்டும். கண்டதை ஒளியாது உரைப்பது மனிதர் கடன்.