பாட்டில் சொன்ன பாடம்

சேவுகம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்த புதிதில், கண்ணாடி பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்துவிட்டேன். காலையில் பாட்டில் வெடித்துக் கிடந்தது! தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும் என்பது அன்று எனக்குத் தெரியாது. மாமியாரிடம் வாங்கிய வசவு மட்டும் மறக்கவில்லை.

சென்ற ஐப்பசியில் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருந்தேன். அடுப்பு, படுக்கையோடு வீடு போலவே ஒரு வண்டி மாப்பிள்ளையிடம் உண்டு. அதிலுள்ள ஃபிரிட்ஜுக்குக் குழாயில் தண்ணீர் வந்து, ஐஸ் தானாகவே கட்டியாகி விழும். நம் ஊரில் மார்கழிக் குளிருக்கு ஒரு போர்வை போதும். அங்கே குழாய்த் தண்ணீரே உறைந்துவிடுமாம். அதனால் பனிக்காலத்துக்கு முன் மாப்பிள்ளை தண்ணீரை அடைத்தார். ஐஸைக் கொட்டி, குழாயைக் கழற்றி வடித்தார்.

"வேலை முடிஞ்சுது அத்தை" என்றார்.

எனக்கோ அந்தப் பாட்டில் ஞாபகம். பத்தாவது படித்தவள் இன்ஜினீயரிடம் கேட்பதா என்று தயக்கம். இருந்தும், "பின்னாடி குழாய் சேர்ற இடத்துல தண்ணி நிக்காதா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டேன்.

அங்கிருந்த வால்வைக் கழற்றினார். ஒரு ஸ்பூன் தண்ணீர் சொட்டியது!

"நல்லவேளை அத்தை! இது உறைஞ்சிருந்தா வால்வு விரிசல் விட்டிருக்கும். அடுத்து தண்ணி திறக்கறப்போ வண்டி பூரா ஒழுகியிருக்கும்."

பிறகு நான் ஃபிரிட்ஜின் உள்ளே ஈரம் போகத் துடைத்து, கதவிடுக்கில் துணியை மடித்து வைத்தேன். கதவு சற்றுத் திறந்திருந்தால் பூஞ்சை பிடிக்காது. ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு வெளியூர் போகும் சகோதரிகளும் இப்படிச் செய்யலாம்.

மனதில் பட்டதைக் கேட்கவும் தயங்க வேண்டாம். உடைந்த பாட்டிலும் ஒரு படிப்புத்தான்!