குருதிச் சீனிக் கொப்பி: ஓராண்டுக் குறிப்புகள்

சித்திரை 18

விரல் நுனியில் எடுத்த ஒரு துளிக் குருதியை வீட்டிலேயே சோதிக்க உதவும் குளுக்கோமீற்றர் குளுக்கோசை நேரடியாக அளப்பதில்லை. சோதனைப் பட்டியில் பூசப்பட்ட நொதியம் குளுக்கோசுடன் தாக்கமுறுகையில் உண்டாகும் நுண்ணிய மின்னோட்டத்தை அளந்து, அதனையே எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. ஆதலால் நொதியம் கெட்டால் எண்ணும் கெடும். பெரும்பாலான பட்டிகளை 30 பாகை செல்சியசுக்கு மேல் வைக்கலாகாது என்று குப்பியிலேயே அச்சிட்டிருக்க, யாழ்ப்பாணத்தின் கோடைப் பகல்கள் அவ்வெல்லையைத் தாண்டுவது வழமையாதலின், யன்னலோரமும் குசினி அடுப்பருகும் குப்பிக்கு உகந்த இடங்கள் அல்ல. ஈரம் படிவதால் குளிர்சாதனப் பெட்டியும் ஆகாது. மூடி இறுக்கிய அதே குப்பியில், வெயில் எட்டாத உள்ளறையில் அவை இருத்தல் நன்று. இவ்வாறு பேணினாலும், 2013 ஆம் ஆண்டின் சர்வதேச நியமம் ஒரு டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலுமான அளவீடுகளில் 15 வீதம் வரையான விலகலை ஏற்றுக்கொள்கிறது. ஆய்வுகூடத்தில் 160 எனக் காணும் குருதி வீட்டில் 140 ஆகவும் தோன்றலாம், 180 ஆகவும் தோன்றலாம். நேற்று 160, இன்று 172 என்று கலங்குவோர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

வைகாசி 9

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு சிக்கல் அலகினால் வருகிறது. இலங்கையில் குருதிக் குளுக்கோசு பெரும்பாலும் ஒரு டெசிலீற்றரில், அதாவது 100 மில்லிலீற்றரில், எத்தனை மில்லிகிராம் என்று கூறப்படுகிறது. பிரித்தானியா, கனடா, நோர்வே, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளிலோ ஒரு லீற்றரில் எத்தனை மில்லிமோல் என்று கூறப்படுகிறது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பிள்ளைகள் பெற்றோருக்கு அன்போடு அனுப்பிவைக்கும் கருவி இந்த இரண்டாம் அலகிலேயே காட்டுமாதலால், 14.2 என்ற எண்ணைக் கண்டு சீனி நன்றாகக் குறைந்துவிட்டது என்று முதியவர் ஆறுதல் கொள்ள இடமுண்டு. அதனை 18 ஆல் பெருக்கினால் 256 வரும்; அது உடனே கவனிக்க வேண்டிய அளவு. மாறாக 3.6 என்பது 65 மட்டுமே. அது தாழ்சீனி நிலை. அனுப்புவோர் அலகைத் தாளில் எழுதிக் கருவியின் பின்புறம் ஒட்டி அனுப்புதலும், அக்கருவிக்குரிய பட்டி யாழ்ப்பாண நகர மருந்தகங்களில் கிடைக்குமா என்று முன்னரே விசாரித்தலும் கருவியின் விலையினும் பெறுமதியான உதவிகள். பட்டி கிடைக்காத வீடுகளில் காலாவதியானவற்றையே பயன்படுத்த நேர்கிறது.

ஆனி 6

கறுத்தக்கொழும்பான் மா பழுக்கும் காலம். பழத்தைத் தோலுரித்த கையைக் கழுவாது குத்தினால், விரலில் ஒட்டிய சாறு துளியோடு கலந்து அளவீட்டைப் பெரிதும் உயர்த்திவிடும். மதுசாரப் பஞ்சால் துடைப்பது போதாது. சவர்க்காரமிட்டுக் கழுவி, ஈரமின்றித் துடைத்தபின் குத்துதலே முறை.

ஆனி 27

இரவு படுக்கும்போது 130 இருந்த சீனி, இடையில் எதுவும் உண்ணாமலே விடியலில் 150 ஆவது பலரைத் திகைக்க வைக்கிறது. விடியலுக்குச் சற்று முன் கோட்டிசோல், வளர்ச்சி ஓமோன் ஆகியன சுரந்து, ஈரலைக் குளுக்கோசு வெளிவிடத் தூண்டுகின்றன. இன்சுலின் போதாதவரிடத்தில் அது குருதியிலேயே தங்கிவிடுகிறது. இது விடியற்காலை ஏற்றம் எனப்படும். இரவுச் சாப்பாட்டைக் களவாகக் கூட்டிவிட்டார் என்று வீட்டார் நோயாளியைக் குற்றம்சாட்டுவது பெரும்பாலும் அநியாயம்.

உணவுக்குப் பிந்திய அளவீட்டை முதற்கவளத்திலிருந்து இரண்டு மணித்தியாலம் கழித்து எடுத்தல் வழக்கு. வெள்ளைமாப் புட்டையோ பாணையோ தனியே உண்பதும், அதே அளவு புட்டைக் கீரை, பருப்பு, மீன் கறிகளோடு உண்பதும் ஒன்றல்ல. நாரும் புரதமும் கொழுப்பும் குளுக்கோசு உறிஞ்சப்படும் வேகத்தைத் தணிக்கின்றன. உள்ளூர் உணவுகள் குருதிச் சீனியை எவ்வளவு விரைவாக உயர்த்துகின்றன என்பதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் ஆராய்ந்துள்ளமை பாராட்டத்தக்கது; பிறநாட்டு உணவுப் பட்டியலைக் கையில் கொடுத்து ஒடியற் கூழ் குடிப்பவருக்கு வழிகாட்ட முடியாது. இனிப்புத் தொடாதவருக்கும் காய்ச்சல், சலக்கிருமி, இழுப்புக்குக் கொடுக்கும் ஸ்ரீரொயிட் மாத்திரை ஆகியன சீனியை ஏற்றிவிடும்.

ஐப்பசி, கந்தசட்டி முதல் நாள்

ஆறு நாளும் ஒருவேளை உணவோடு அல்லது பால் பழத்தோடு நோன்பிருப்போருக்குச் சீனி ஏறுவதைவிட இறங்குவதே உடனடி ஆபத்து. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகளையும் இன்சுலின் ஊசியையும் வழமையான அளவில் எடுத்துக்கொண்டு உணவை விடுவோருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே சீனி இறங்கக்கூடும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் ஆகிய அறிகுறிகளை விரதக் களையென்று எண்ணிப் படுக்கவிட்டு விடுவதே இங்கு மிகவும் அஞ்சத்தக்கது. உடனே குத்திப் பார்த்து, குறைந்திருப்பின் மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். நினைவு தடுமாறியவருக்கு வாயால் எதுவும் புகட்டாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விரதம் தொடங்குமுன்னரே மருந்தளவை வைத்தியரிடம் கேட்டு அறிந்துகொள்வது பக்திக்குக் குறைவன்று.

கார்த்திகை 14

இன்சுலினைக் கண்டறிந்தோருள் ஒருவரான பிரெடெரிக் பான்ரிங் 1891 இல் பிறந்த நாள், உலக நீரிழிவு நாளாகக் கொண்டாடப்படுகிறது. கிளினிக்கில் கேட்கப்படும் எச்.பி.ஏ1சி என்னும் சோதனை, செங்குழியங்களின் ஈமோகுளோபினில் ஒட்டிய குளுக்கோசைக் கொண்டு முந்திய இரண்டு மூன்று மாதச் சராசரியைக் கூறும். 7 வீதம் என்பது ஏறத்தாழ 154 மில்லிகிராம் சராசரிக்கு ஒப்பாகும். ஆயினும் விடியலில் 60 ஆகவும் மாலையில் 250 ஆகவும் அலைபவரின் சராசரியும் அழகாகவே தோன்றக்கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை வீட்டுக் கொப்பியே வெளிப்படுத்தும், அதுவும் எண்ணுக்கு அருகே நேரம், உண்ட உணவு, எடுத்த மருந்து, நோய், விரதம் ஆகியன எழுதப்பட்டிருந்தால் மட்டுமே. ஆகவே வாசகர் ஒரு தனி எண்ணைக் கண்டு மாத்திரையைத் தாமே கூட்டவோ நிறுத்தவோ செய்யாது, அடுத்த கிளினிக் நாளன்று கொப்பியையும் கருவியையும் ஒருங்கே கொண்டுசென்று வைத்தியரிடம் காட்டுவாராக.