பாட்டனாரின் சவரக்கத்தி

தகரப் பெட்டியின் அடியில், பழுப்பேறிய துணியொன்றிற் சுற்றப்பட்டு அந்தச் சவரக்கத்தி கிடந்தது. தந்தையார் காலமான பின்னரே அது மகனின் கைக்கு வந்தது. யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் வீடுவீடாகச் சென்று முகம் வழித்த பாட்டனாரின் கத்தி அது. வளவின் பின்புறத்திலும் மாட்டுக்கொட்டில் ஓரத்திலும் நின்று தொழில் செய்து, அறுவடைக் காலத்தில் நெல்லாகக் கூலி பெற்றவர் அவர். தந்தையாரோ படித்து எழுதுவினைஞரானார். ஆன அன்றே கத்தியைப் பெட்டியிலிட்டுப் பூட்டினார்.

“அதை ஏன் இப்ப வெளியில எடுக்கிறாய், தம்பி? கொப்பர் அதைப் பூட்டி வைச்சதே நீ தொடக்கூடாது எண்டுதான்” என்றார் தாயார். மகன் மறுமொழி கூறவில்லை. கத்தியை விரித்துப் பார்த்தான்.

அலகின் அடித்தண்டிலே செபீல்ட் என்ற நகரின் பெயரும், அதனருகே இங்கிலாந்து என்ற சொல்லும் பொறிக்கப்பட்டிருந்தன. இறக்குமதிப் பொருள்கள் உற்பத்தி நாட்டின் பெயரைத் தாங்குதல் வேண்டும் என ஐக்கிய அமெரிக்கா 1890 இல் சட்டமியற்றிய பின்னரே நாட்டின் பெயர் இத்தகைய கத்திகளிற் பொதுவாக இடம்பெறலாயிற்று. ஆகவே கத்தி அதற்குப் பிந்தியதாதல் வேண்டும். 1740களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் மூசையில் உருக்கை உருக்கி வார்க்கும் முறையை உருவாக்கியதை அடுத்து, செபீல்டின் உருக்கு உலகப் புகழ் பெற்றது. அப்புகழுக்கு மறுபக்கமும் உண்டு. அங்கு சாணை பிடித்த தொழிலாளர் பலர், கல்லும் இரும்பும் கலந்த தூசியைச் சுவாசித்து, நுரையீரல் நோயால் இளமையிலேயே மாண்டனர். பாட்டனாரின் கைக்கு வருமுன்னரே அக்கத்தி உழைப்பாளரின் துயரைக் கண்டிருந்தது.

மின்சாணையிற் பிடித்தால் ஒரு மணி நேரத்திற் புதிதாகிவிடும் என்றே மகன் முதலில் எண்ணினான். ஆயின் மெல்லிய அலகு சாணையில் விரைவிற் சூடேறும். ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் உருக்கு நீலம் பாரிக்கும். அந்நிலையை அடைந்த விளிம்பு, சவரத்துக்கு வேண்டிய கடினத்தை இழந்துவிடும். எனவே கையாலேயே செய்வதெனத் துணிந்தான். மேலே படிந்திருந்த செந்துரு எண்ணெய்க்கும் நுண்ணிய தேய்ப்புத் தாளுக்கும் இணங்கியது. உருக்கை அரித்து உட்சென்ற குழிகள் இணங்கவில்லை. அவற்றை அகற்றுவதாயின் சுற்றியுள்ள நல்ல உருக்கையும் தேய்த்தல் வேண்டும். தேய்த்தது மீண்டும் வராது. குழி கூர்விளிம்பை எட்டாதவரை சவரத்துக்கு இடையூறில்லை. நடு அலகிலிருந்த இரண்டு கரும்புள்ளிகளை அவன் அப்படியே விட்டுவிட்டான்.

தீட்டும்போதுதான் அவன் பாட்டனாரை அறியலானான். சவரக்கத்தியைக் கல்லில் வைத்தால் முதுகும் விளிம்பும் ஒருங்கே கல்லைத் தொடும். முதுகின் தடிப்பும் அலகின் அகலமுமே கூரின் கோணத்தை, பெரும்பாலும் 16, 17 பாகை அளவில், நிருணயிக்கின்றன. விளிம்பு தேயுந்தோறும் முதுகும் தேய்வதால் தீட்டியவரின் கைப்பழக்கம் முதுகிற் பதிந்துவிடுகிறது. இக்கத்தியின் முதுகில் இருபுறமும் ஒரே அகலத்தில் ஒடுங்கிய தேய்வுக்கோடு ஓடியது. ஆண்டுக்கணக்கில், ஒருமுறையேனும் அழுத்தித் தேய்க்காத கையின் சான்று அது. பேரனின் கையோ முதல் நாளே அழுத்தியது. ஒரு பக்கம் சாய்ந்தது. 1000 எண்ணுடைய கல்லில் இருபுறச் சரிவுகளும் விளிம்பிற் சந்திப்பதற்கே வாரங்கள் சென்றன. பின்னர் 4000, 8000 எண்ணுடைய கற்கள், இறுதியிலே தோல்வார். கல்லில் விளிம்பு முன்செல்லும். வாரில் முதுகு முன்செல்லும். மாறிச் செய்தால் வார் அறுபடும். மூன்று இடங்களில் அவன் அதனை அறுத்த பின்னரே கை பழகியது.

இழிதொழில் என ஊர் ஒதுக்கிவைத்தது எத்துணை நுட்பமான வினை என்பதை அவன் உணர்ந்தான். அதேவேளை, நுட்பத்தைப் போற்றுவதால் கொட்டிலோரத்தில் நின்ற அவமானம் இல்லாதொழிந்துவிடாது என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது. அவமானத்தைப் பூட்டிவைத்த தந்தையார் தவறு செய்தாரல்லர். அப்பெட்டியில் அவமானத்தோடு ஒரு மனிதரின் ஆற்றலும் சேர்ந்தே பூட்டுண்டு கிடந்ததென்பதுதான் துயரம்.

ஒரு காலைப்பொழுதில் அவன் கிணற்றடியிலே கண்ணாடியை மாட்டி, முகத்திற் சவர்க்காரம் பூசி, கத்தியை விரித்தான். பிறர் முகங்களுக்காகவே வீடுவீடாகச் சென்ற கத்தி அன்று அதற்கு உரியவனின் முகத்துக்கே வந்தது. எங்கே தொடங்குவதென்று கை தயங்கியது. குசினி வாசலில் நின்ற தாயார் நெடுநேரம் பேசாதிருந்தார்.

“மாமா காதடியிலயிருந்துதான் துவங்கிறவர்” என்றார் பின்னர்.

அவன் காதடியிலிருந்தே தொடங்கினான். சவரம் முடிந்ததும் அலகை ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி மடித்தான். தாயார் அதனை வாங்கி யன்னல் தட்டிலே வைத்தார்.