வளைவுகள் கற்பித்த பாடம்

தெல்தெனியவிலிருந்து மகியங்கனை நோக்கிச் செல்லும் மலைவீதியின் 'பதினெட்டு வளைவு'களே எனக்குக் கார் செலுத்தும் கலையைப் பயிற்றின. வளைவை அடையுமுன், சக்கரங்கள் நேராக இருக்கும்போதே பிரேக்கை அழுத்தி வேகத்தைத் தணித்தல் வேண்டும். அப்பொழுது பாரம் முன்சக்கரங்களிற் சாய, அவற்றின் பிடிமானம் மிகும். கண் வளைவின் முடிவையே நாடவேண்டும். நுவரெலியாவில் 1934 இல் தொடங்கிய மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டியில் ஓடுவோர்க்கும் அடிப்படைப் பாடம் இதுவே.

ஆயினும், பொதுவீதி பந்தயக்களம் அன்று. களத்திற்கூட ஆபத்து நீங்குவதில்லை. 2024 ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ்ஹில் போட்டியிலே கார் ஒன்று பார்வையாளரிடையே பாய்ந்ததில் எழுவர் மாண்டனர். ஆதலின், பந்தயத்தை விழையும் இளைஞர் வேகத்தை அடக்கும் திறனையே முதற்கண் பயிலல் வேண்டும் என்பது என் துணிபு.