எந்த லைன்?

“நீ எந்த லைன், பாப்பா?”

ஸ்கூடாயில் உறவுக்காரர் வீட்டுத் திருமணம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்டால், என்ன வேலை என்றுதான் அர்த்தம். “மீடியா லைன், தாத்தா. வானொலியில அறிவிப்பாளரா இருக்கேன்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “அது இல்லம்மா. உங்கப்பா தோட்டத்துல இருந்தப்ப எந்த லயம்னு கேட்டேன்.”

எனக்குப் பதில் தெரியவில்லை.

‘லைன்’ என் தொழிலில் தினமும் புழங்கும் சொல். நேயர் அழைத்தால் “லைன்ல இருங்க” என்பேன். கைப்பேசியில் அலைவரிசை கிடைக்காவிட்டால் “லைன் இல்ல”. 1998-இல் திறந்த இரண்டாவது பாலத்தில், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள் நிற்பதும் லைனில்தான்.

இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே நம்மவர்கள் இந்தச் சொல்லைத் தமிழாக்கிவிட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளை வெள்ளைக்காரத் துரைமார்கள் ‘லைன்ஸ்’ என்றார்கள். நம் வாயில் அது ‘லயம்’ ஆனது. இலங்கை மலையகத்தில் ‘லயன்’ என்றும் சொல்வார்கள். பாட்டைப் பற்றிப் பேசும்போது நான் சொல்லும் லயம் வேறு. அடுத்தடுத்த இரண்டு குடும்பங்களுக்கு ஒரே சுவர் நின்ற இந்த லயம் வேறு.

அன்று இரவு அப்பாவிடம் கேட்டேன். “அதெல்லாம் இப்ப எதுக்கு?” என்றார். சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்: “மூணாவது லயம், கடைசி வீடு.”

பள்ளியில் ‘லயத்துப் பையன்’ என்று கேலி செய்வார்களாம். தாமானுக்குக் குடிவந்த பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறார். பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு அதுவும் போய் வீடுகள் வந்துவிட்டன. பேசப் பேச அப்பாவின் குரல் மாறியது. “ஒரு வீட்டுல ரேடியோ போட்டா போதும், லயம் முழுக்கக் கேட்கும்” என்றார்.

“எந்த ஊர்லேர்ந்து பேசுறீங்க?” என்று ஊர் முழுக்கக் கேட்பவள் நான். வீட்டில் கேட்டதில்லை.

“இதை எழுதட்டுமா அப்பா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“எழுது. ஆனா, லைன்னு எழுதாத. லயம்னு எழுது.”