வீடு திரும்பிய படைவீரர்

மார்ச் 8 அன்று திரு அவை நினைவுகூரும் புனித இறை யோவான் ஒரு காலத்தில் படைவீரராக இருந்தவர். பதினாறாம் நூற்றாண்டில், ஸ்பெயின் நாட்டுக் கிரனாதா நகரில், அவரைப் பித்தரெனக் கருதி அடைத்துவைத்துச் சாட்டையால் அடித்தார்கள். அந்நாளைய சிகிச்சை அதுவே. விடுதலை பெற்றபின் அவர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, தெருவில் இரந்து, நோயாளரைப் பேணினார். இன்று அவர் நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலர்.

சாட்டை ஒழிந்தது, சொல்லடி ஒழியவில்லை. புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர் ஒன்றில், படையிலிருந்து ஓய்வுபெற்று வந்த ஒருவர் இரவெல்லாம் உறங்காமல் முற்றத்தில் நடப்பார்; வேட்டுச் சத்தம் கேட்டால் உள்ளறையில் ஒடுங்கிவிடுவார். 'கோழை' என்றனர் சிலர். 'பேய்' என்றனர் சிலர். அவருடைய மனைவி என்னிடம் வந்து, "சாமி, மந்திரிச்சு விடுங்க" என்றார். செபித்தேன். பின்பு, "இது நோய் அம்மா, மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள்" என்றேன். "பெரியாஸ்பத்திரியில மருந்து இலவசந்தான் சாமி. போய்வரப் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் யார் குடுப்பா?" என்றார். நியாயமான கேள்வி.

அரசுக்கும் செலவுக் கவலை உண்டு; மக்கள் பணமாதலால் சிக்கனம் தவறன்று. முன்னாள் படைவீரருக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003இல் தொடங்கியது. 2022 அக்டோபரில் 14416 என்னும் தொலைபேசி மனநலச் சேவை வந்தது. கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். 2023 டிசம்பரில் படையினருக்கென அதன் தனிப்பிரிவு புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டது. உதவி வீட்டருகே வந்தால் நோய் முற்றுமுன் பிடிபடும். அரசின் செலவும் குடும்பத்தின் செலவும் குறையும். ஆயினும் தொலைபேசி மருத்துவருக்கு மாற்றாகிவிடக் கூடாது. அரசு ஏட்டில் மிச்சமாகும் தொகை அந்த மனைவியின் தோளில் சுமையாக ஏறுமானால் அதனைச் சிக்கனம் என்று சொல்வதெப்படி? குடியும் கடனும், பிள்ளைகளின் படிப்பு நின்றுபோவதும் எந்த வரவுசெலவுக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

சாவை வேண்டி மன்றாடிய எலியாவைக் கடவுள் கடிந்துகொள்ளவில்லை; உறங்கவிட்டார், வானதூதர் வழியாக அப்பமும் தண்ணீரும் தந்தார் (1 அரசர் 19:4-8). இத்தகைய எளிய உதவி நம் பங்குகளுக்கும் இயலும். வின்சென்ட் தே பவுல் சபையினர் ஒருவர் மருத்துவமனைவரை துணைக்குச் செல்லலாம். திருவிழா வேட்டுக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதி, பேருந்துக் கட்டணத்திற்கும் இழந்த கூலிக்கும் போதும். வேட்டும் குறையும், அந்த வீட்டில் அன்றிரவு உறக்கமும் வரும்.