மூக்கு அடைச்சா மெஷின் என்ன பண்ணும்?

ராத்திரி மூஞ்சில மாஸ்க் மாட்டிக்கிட்டுத் தூங்குற ஆளுங்களுக்கு எங்க பக்கத்து மார்கழி ஒரு சோதனை. ஓசூர் கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் போனா இன்னும் கொஞ்சம் குளிரும். சென்னையில இருந்து வர்ற நண்பர்கள் காலைப் பனியைப் பாத்து "ஊட்டி மாதிரியே இருக்குண்ணா"ன்னு போட்டோ எடுப்பாங்க. அவங்களுக்கு என்ன, ரெண்டு நாள்ல கிளம்பிடுவாங்க. இங்கயே கிடக்குற மூக்குக்குத்தான் தெரியும்.

எனக்கு சிபேப் மெஷின் வந்து இது மூணாவது குளிர்காலம். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு வழி மூடிக்குது. 10 செகண்டோ அதுக்கு மேலயோ மூச்சு நிக்கும். மூளை பதறி உலுக்கிவிடும். திரும்பத் தூங்கினா திரும்ப நிக்கும். ஸ்லீப் அப்னியான்னு பேரு. தூங்குறவனுக்கு இது எதுவும் தெரியாது, பக்கத்துல படுக்குறவங்களுக்குத்தான் தெரியும். "ஏங்க, நீங்க குறட்டை விடுறது கூடப் பரவால்ல, அது திடீர்னு நிக்குது பாருங்க, அதுதான் பயமா இருக்கு"ன்னு வீட்ல சொன்ன பிறகுதான் டாக்டர்கிட்ட போனோம். 2022 பிப்ரவரியில இந்திப் பட இசையமைப்பாளர் பப்பி லஹரி இறந்தப்போ இந்த நோயோட பேரு பேப்பர்ல வந்துச்சு. அதுவரைக்கும் எங்க ஊர்ல குறட்டைன்னா நல்ல தூக்கம்னுதான் அர்த்தம்.

மெஷின் பண்றது ஒரே வேலை. காத்தை லேசா அழுத்தி மூக்கு வழியா அனுப்பி, தொண்டை மூடாமப் பாத்துக்கும். ஆஸ்திரேலியாவுல சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவன், வேக்கம் கிளீனர் மோட்டாரை வச்சு ஆரம்பிச்சது. 5 நோயாளிங்களுக்கு இது வேலை செஞ்சதைப் பத்தி 1981ல லான்செட் பத்திரிகையில எழுதினார்.

சொட்டுநீர் போட்டவங்களுக்கு இது சட்டுனு புரியும். டிரிப் லைனுக்கு நாங்க 1 கிலோ பிரஷர் வைப்போம். அதாவது 10 மீட்டர் உயரத் தண்ணியோட அழுத்தம். எனக்கு டாக்டர் வச்சுக் கொடுத்தது 10 சென்டிமீட்டர், நூத்துல ஒரு பங்கு. அவ்வளவுதான் தொண்டைக்குத் தேவை. ஆனா மோட்டார் எவ்வளவு நல்லா ஓடினாலும் டிரிப்பர்ல உப்பு அடைச்சுக்கிட்டா செடிக்குத் தண்ணி போகாது. டிரிப்பர் அடைச்சுதுன்னு மோட்டாரைக் கழட்டிப் பரண்ல போடுவோமா? மூக்கு விஷயத்துல நிறையப் பேர் அதைத்தான் பண்றாங்க.

எங்க மச்சான் ஒருத்தர் சிப்காட்ல ஒரு கம்பெனிக்கு நைட் ஷிப்ட் போறவர். எனக்கு அப்புறம் ஆறு மாசம் கழிச்சு அவருக்கும் இதே மெஷின். போட்ட ரெண்டாவது வாரமே மூக்கடைப்பு. மருந்துக் கடையில சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து வாங்கினார். விட்ட அஞ்சு நிமிஷத்துல மூக்கு கதவு திறந்த மாதிரி ஆயிடும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா மூணு நாள், மிஞ்சிப் போனா அஞ்சு நாளுக்கு மேல அதை விடக்கூடாது. அதுக்கு மேல போனா மருந்து இறங்கின உடனே மூக்குச் சதை முன்னைவிட அதிகமா வீங்கும், திரும்ப மருந்து கேக்கும். மச்சான் சட்டைப் பையில பேனா இருக்கோ இல்லையோ அந்தப் பாட்டில் இருக்கும், எட்டு மாசமா. மெஷின் பரணுக்குப் போயிடுச்சு. கேட்டா, "அது நமக்கு ஒத்துக்கலை மாமா"ம்பார். காலையில ஷிப்ட் முடிஞ்சு அதே தூக்கத்தோட என்எச் 44ல பைக்ல வர்றார். ரெண்டு பக்கமும் கண்டெய்னர் லாரி.

மெஷின் போட்டா மூக்கு ஏன் அடைக்குதுன்னு டாக்டர் எனக்கு நிதானமா விளக்கினார். வெளிக்காத்தைச் சூடாக்கி, ஈரமாக்கி உள்ள அனுப்புறது மூக்கோட வேலை. ராத்திரி முழுக்கக் குளிர்ந்த காத்தை அழுத்தி அனுப்பினா மூக்கு காய்ஞ்சு உள்சதை வீங்குது. இதுல வாய் வேற திறந்துக்கிட்டா, மூக்கு வழியா வர்ற காத்து அப்படியே வாய் வழியா வெளிய ஓடும். ஈரம் திரும்பி வராது. மூக்கு இன்னும் காயும், இன்னும் அடைக்கும், வாய் இன்னும் திறக்கும். செக்கு மாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும்.

அதுக்குத்தான் மெஷினோட வெந்நீர்த் தொட்டி ஒண்ணு சேர்ந்து வருது. காத்து அந்த ஈரத்தை எடுத்துக்கிட்டுப் போகும். எங்க போர் தண்ணியை அதுல ஊத்தினா ஒரே வாரத்துல வெள்ளையா உப்புப் படியும். இந்த ஜில்லாத் தண்ணியில புளோரைடு இருக்குன்னுதானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு. டிஸ்டில்டு வாட்டர் கேட்டா மருந்துக் கடைக்காரர் "டிராக்டர் பேட்டரிக்காண்ணா?"ன்னார். மூக்குக்குன்னு சொன்னதும் ஒரு மாதிரி பாத்தார். தொட்டியை தினமும் காலையில கொட்டிக் கழுவி, காய வைக்கணும். தைலம், விக்ஸ் எதுவும் அதுல விடக்கூடாது. சூடேறி நேரா நுரையீரலுக்குப் போகும். நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கணும்னா படுக்கப் போறதுக்கு முன்னாடி சட்டியில தனியாப் பிடிச்சுக்கலாம்.

மார்கழியில இன்னொரு கூத்து. வெதுவெதுப்பான ஈரக் காத்து குளிர்ந்த பைப்புல தண்ணியா மாறி, நடு ராத்திரி மூஞ்சில தெளிக்கும். மெஷினைக் கட்டிலுக்குக் கீழ் மட்டத்துல வச்சா தண்ணி திரும்பி இறங்கிடும். வீட்ல பழைய கம்பளியை வெட்டி பைப்புக்கு ஒரு உறை தைச்சுக் கொடுத்தாங்க. பேரன் அதுக்கு யானைத் தும்பிக்கைன்னு பேரு வச்சிருக்கான். கரண்ட் போற ராத்திரியில தொட்டிச் சூட்டை அணைச்சுடுவேன், இல்லன்னா இன்வெர்ட்டர் விடியற வரைக்கும் தாங்காது.

எனக்கு அதிகம் கைகொடுத்தது உப்புத் தண்ணிதான். 1 லிட்டருக்கு 9 கிராம் உப்பு, இல்லன்னா கடையில விக்கிற பாக்கெட். மாஸ்க் போடுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு மூக்குல விட்டு மறு மூக்குல வெளிய எடுக்கிறது. கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணியா இருக்கணும். கேரளாவுல மூளையைத் தாக்குற அமீபா காய்ச்சல்னு படிச்சிருப்பீங்க, அது மூக்கு வழியாத்தான் ஏறுது. கிணத்துத் தண்ணி, போர் தண்ணியை நேரா மூக்குல விடுற வேலை மட்டும் வேண்டாம்.

அப்புறம் டாக்டர் எழுதின ஸ்டீராய்டு ஸ்பிரே. இது சொட்டு மருந்து மாதிரி உடனே திறக்காது, ஒரு வாரம் ரெண்டு வாரம் விடாம அடிக்கணும். வலது கையால இடது மூக்கு, இடது கையால வலது மூக்கு. அப்படி அடிச்சா மருந்து நடுத் தண்டுல படாம ஓரமாப் போகும். நடுவுலயே அடிச்சா ரத்தம் கசியும். இதையெல்லாம் பண்ணியும் ஒரே பக்கமா எப்பவும் அடைச்சிருந்தா தண்டு வளைஞ்சிருக்கலாம், சதை வளர்ந்திருக்கலாம். காது மூக்கு தொண்டை டாக்டர் பாக்கணும். வாயையும் சேர்த்து மூடுற பெரிய மாஸ்க்கும் இருக்கு.

எனக்குக் குளிர் பாதின்னா பார்த்தீனியம் மீதி. நாங்க காங்கிரஸ் செடிம்போம், கர்நாடகாவுலயும் அதே பேருதான். 1950கள்ல புனே பக்கம் கண்ணுல பட்ட செடி, இன்னைக்கு வரப்பு, ரோட்டோரம், விக்காத பிளாட்டு எல்லாம் அதுதான். 1984ல பெங்களூர் பக்கம் மெக்சிகோ வண்டைக் கொண்டுவந்து விட்டாங்க. மழைக்காலத்துல வண்டு நல்லாவே தின்னுது, செடியும் நல்லாவே முளைக்குது. நான் பூ விடுறதுக்கு முன்னாடியே கையுறை போட்டு, மூக்கைத் துணியால கட்டிக்கிட்டு, வேரோட பிடுங்கிடுறேன். எங்க வரப்பு சுத்தம். பக்கத்துல வேலி போட்டுக் கிடக்குற பிளாட்டுக்காரர் பெங்களூர்ல இருக்கார், அவரை எங்க போய்த் தேடுறது. அதனால மெஷினோட பில்டரை வாரம் ஒரு தடவை எடுத்துப் பாக்குறேன், சாம்பல் கலரா இருக்கும்.

போன மாசம் மச்சானை நான்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். சொட்டு மருந்தை நிறுத்தச் சொல்லி, ஸ்பிரே எழுதிக் கொடுத்திருக்கார். முதல் பத்து நாள் தூங்காம என்னைத் திட்டினார். இப்போ ஒரு பக்க மூக்கு திறந்திருக்காம். மெஷின் இன்னும் பரண்லதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை சந்தை முடிஞ்சு போய் இறக்கிக் கொடுத்துட்டு வரணும். கையோட ரெண்டு பாட்டில் டிஸ்டில்டு வாட்டரும் வாங்கி வச்சிருக்கேன்.